இரண்டாவது தட்டு

குழுவில் எல்லோரும் அவனைத் தூண் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய உயரம் இல்லை. ஆனால் அகலமான தோள், உறுதியான கால், நின்றால் நின்ற இடத்தில் நிற்பான். வசனமே இல்லாமல், முகமூடி போட்டுக்கொண்டு, உடம்பை மட்டும் வைத்துக் கதை சொல்கிற நாடகக் குழு அது. அப்படிப்பட்ட நாடகத்தில் ஒருவர் அந்தரத்தில் பறக்க வேண்டுமென்றால் இன்னொருவர் தரையில் நின்று பிடிக்க வேண்டும். ஒன்பது வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தவன் தூண்.

பறந்தவள் தக்கை. அவன் மனைவியின் கூடப்பிறந்த தங்கை. தண்ணீருக்குள் அழுத்தினாலும் குபுக்கென்று மேலே வந்துவிடும் தக்கையைப் போல, எங்கே தூக்கிப் போட்டாலும் எழுந்து நின்றுவிடுவாள் என்பதால் வந்த பெயர். அவளைக் குழுவுக்குக் கூட்டி வந்ததே அவன்தான். வேலை தேடித் தேடி அலுத்துப்போய் அவள் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த காலத்தில், "சும்மா வந்து பாரு, பிடிக்கலன்னா திரும்பிடலாம்" என்று ஒரு சனிக்கிழமைப் பயிற்சிக்கு அழைத்துப் போனான். குழுவை நடத்துகிற விசிலம்மா அவள் கையில் ஒரு முகமூடியைக் கொடுத்து, "நாற்காலில உக்காரு. யாரோ வர்றாங்கன்னு காத்திரு. அவ்வளவுதான்" என்றாள். தக்கை உட்கார்ந்தாள். காத்திருந்தாள். இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்தால், அறையில் இருந்த அத்தனை பேரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒத்திகை நடப்பது ஒரு மரச்சாமான் கடையின் மாடியில். கீழே ரம்பம் ஓடத் தொடங்கினால் மேலே யார் கத்தினாலும் கேட்காது. அதனால்தான் விசிலம்மாவின் கழுத்தில் விசில். ஒரு ஊதல் என்றால் நில். இரண்டு என்றால் மறுபடி முதலிலிருந்து.

முகமூடிகளைச் செய்பவர் பசை அண்ணன். ஐம்பது தாண்டியவர், தனிக்கட்டை, சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்து அதையே பட்டறையாகவும் வீடாகவும் வைத்திருந்தார். களிமண்ணில் முகம் பிடித்து, மேலே வாஸ்லின் தடவி, செய்தித்தாள் ஒரு அடுக்கு, பழுப்புக் காகிதம் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றி ஒட்டுவார். விரல் இடுக்குகளில் மைதாப் பசை எப்போதும் காய்ந்து வெள்ளையாக இருக்கும். கண்ணுக்கு அவர் வைக்கிற துளை பருப்பு அளவுதான். "பெருசா வச்சா உள்ள இருக்கற ஆளோட கண்ணு வெளிய தெரியும். ஆளு தெரிஞ்சா முகமூடி செத்துடும்" என்பார். அந்தத் துளை வழியே நடிகருக்குத் தெரிவது ஒரு தட்டு அகலத்துத் தரை. மற்றதெல்லாம் பழக்கமும் காதும்தான்.

அப்போது அவர்கள் போட்டுக்கொண்டிருந்தது, ஒரு கிழவனும் கிழவியும் வீட்டைக் காலி செய்கிற நாடகம். நாற்பது நிமிடம். எல்லாச் சாமான்களையும் கட்டி முடித்த பிறகு, கிழவி மேஜைமேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றுவாள். கழற்றிய வேகத்தில் பின்பக்கமாக, பலகை சாய்வதுபோல, அப்படியே விழுவாள். கீழே போர்வை மடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நிற்கும் கிழவன் கடைசி நொடியில் திரும்பி ஏந்துவான். கூட்டம் ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடித்துவிட்டு, பிறகு கைதட்டித் தீர்க்கும்.

முதுகைக் காட்டி நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? தக்கை மேஜைமேல் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். முதல் தட்டு, தயார். இரண்டாவது தட்டு, விழுகிறேன். இரண்டாவது தட்டு காதில் விழுந்ததும் அவன் திரும்பி, ஓரடி எடுத்து வைத்து, முழங்காலை மடக்கி, அவள் அக்குளுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுப்பான். கண்ணுக்கு அதில் வேலையே இல்லை. இது அவர்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு. கிழவியின் கால் தடுமாறுகிறது என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். அவன் எப்படியோ துளை வழியாகப் பார்த்துத்தான் பிடிக்கிறான் என்பது விசிலம்மாவின் எண்ணம். நூற்றுப் பதினாறு தடவை பிடித்திருந்தான். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

ஒரு வியாழக்கிழமை, டீ குடிக்கிற நேரத்தில், விசிலம்மா ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தாள். ஒரு பெரிய அரங்கத்திலிருந்து அழைப்பு. தக்கை தனியாக ஒரு மணி நேரம் நடிக்க வேண்டும். எத்தனை முகமூடி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எல்லோரும் கைதட்டினார்கள். தூணும் தட்டினான். தட்டிவிட்டு, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டான்.

"தனியாவா? நான் கூட வேணாமா?"

"உன்னை எதுக்குடா?" என்று சிரித்தாள் விசிலம்மா. "நீ செவுரு. செவுரு இல்லாம வீடு நிக்காது, ஒத்துக்கறேன். ஆனா செவுரப் பாக்கறதுக்கு யாராவது டிக்கெட் எடுப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தக்கைக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. தூண்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். வீட்டுக்குப் போய், பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை முடிந்து வந்திருந்த மனைவியிடமும் அதைச் சிரிப்பாகவே சொன்னான். அவளும் துணி மடித்துக்கொண்டே, "செவுருன்னா நல்லதுதானே, சாஞ்சுக்கலாம்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் அது அவனுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம். அரங்கம் நிரம்பியிருந்தது. தக்கைக்கு அன்று என்னவோ பிடித்துக்கொண்டது. கடிகாரத்தைக் கழற்றப் போகிற இடத்தில், அது ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்டாள். ஓடவில்லை. குலுக்கினாள். ஓடியது. அது ஓட ஆரம்பித்ததும் தானும் அதன் தாளத்துக்கு ஆட ஆரம்பித்தாள். ஒத்திகையில் இல்லாத ஒன்று. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கீழே தூண் முதுகைக் காட்டியபடி போர்வையை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். அவனைப் பார்க்க ஒருவரும் இல்லை. முகமூடிக்குள் அவனுடைய மூச்சே அவன் முகத்தில் சூடாக அடித்தது. கன்னத்தில் வேர்வை இறங்கியது, துடைக்க முடியாது. மேடையில் முகமூடியைக் கையால் தொடக் கூடாது.

முதல் தட்டு கேட்டது.

இரண்டாவது தட்டும் கேட்டது. நன்றாகக் கேட்டது.

கொஞ்சம் பயப்படட்டும் என்று நினைத்தான். அவ்வளவுதான் நினைத்தான். நெஞ்சு உயரத்தில் பிடிப்பதற்குப் பதிலாக இடுப்புக்குக் கீழே வந்த பிறகு பிடித்தால், செவுரு என்றால் என்ன என்று அவளுக்கு அப்போது புரியும். பயிற்சியில் விளையாட்டாக அப்படிப் பலமுறை பிடித்திருக்கிறான். அரை மூச்சு தாமதித்தால் போதும். அரை மூச்சு தாமதித்தான்.

திரும்பியபோது விரல்களில் பட்டது அவள் சட்டைக் கையின் துணி மட்டும்.

அவள் இடது கையை ஊன்றி விழுந்தாள். மரம் முறிவதுபோல ஒரு சத்தம். அரங்கம் சிரித்தது. நாடகத்தில் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்தது. கிழவி முகமூடி மல்லாந்து கிடந்தபடி கூரையைப் பார்த்து லேசாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தது. பசை அண்ணன் செய்த புன்னகை. அதற்குள்ளிருந்து "அம்மா" என்று ஒரு குரல் வந்தது. ஒன்பது வருடத்தில் முகமூடிக்குள்ளிருந்து அவள் சத்தம் வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு முன்வரிசையில் நின்றது, பிறகு நடுவில், கடைசியாகப் பின்னால். விசில் ஒரு தடவை ஒலித்தது.

மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில், இன்னும் கிழவனின் தொளதொளக் கால்சட்டையோடு தூண் உட்கார்ந்திருந்தான். மனைவி அழுது ஓய்ந்து உள்ளே தங்கை பக்கத்தில் இருந்தாள். பசை அண்ணன் முகமூடிகள் இருந்த துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். விசிலம்மா வந்து அவன் தோளில் கை வைத்தாள்.

"என்னடா ஆச்சு? நீ ஒரு நாளும் விட்டதில்லையே."

திட்டியிருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பான். அவள் கை இதமாக இருந்தது. அவன் வாய் தானாகத் திறந்தது.

"தெரியலம்மா. கண்ணே தெரியல. அந்தத் துளை..."

முழுதாகக்கூடச் சொல்லவில்லை. எதிரே பசை அண்ணன் நிமிர்ந்தார். பையிலிருந்து கிழவன் முகமூடியை எடுத்து, உள்பக்கமாகத் திருப்பி, துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார். கட்டை விரலால் ஓரத்தைத் தடவினார்.

"போன வாரம் ஒரு கோட் பெயிண்ட் ஏத்தினேன். ஓரத்துல தடிச்சிருக்கு. ஒரு நூல் அளவு சுருங்கியிருக்கும்" என்றார். பிறகு முகமூடியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் போட்டுப் பாத்திருக்கணும். என் தப்புதான்" என்றார்.

இல்லண்ணே என்று சொல்ல வேண்டிய இடம் அது. தூண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் உள்ளேயிருந்து டாக்டர் கூப்பிட்டுவிட்டார்.

தக்கையை அவள் அக்கா தங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டாள். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு தனியாக எப்படி இருப்பாள்? முன்னறையில் கட்டில் போட்டார்கள். மாவுக்கட்டு முழங்கை வரை இருந்தது. பாட்டில் மூடியைத் திறக்க முடியாது, தலை பின்ன முடியாது, ஆரஞ்சு உரிக்க முடியாது. பின்னுவதை அக்கா பார்த்துக்கொண்டாள். மூடி திறப்பதும் ஆரஞ்சு உரிப்பதும் தூணின் வேலையாயிற்று. அவன் சுளை சுளையாக நார் எடுத்துத் தட்டில் வைப்பான். "தேங்க்ஸ் அத்தான்" என்பாள். அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக அவள் அந்தத் தட்டை எடுத்து முகத்தில் அடித்திருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும்.

மனைவிக்கோ அவனைப் பற்றித்தான் கவலை. "சாப்பிடவே மாட்டேங்கறீங்க. வேணும்னா விட்டீங்க? நீங்களே இப்படி உக்காந்துட்டா அவளுக்கு யாரு தைரியம் சொல்றது?" என்று சாதத்தைக் கூடுதலாகப் போடுவாள். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் அவள் சொல்லிக்கொண்டிருப்பது அவன் காதில் விழும்: "அவர்தாங்க ரொம்ப ஒடஞ்சு போயிட்டாரு."

ஐந்தாவது வாரம், தக்கைக்குப் பதில் வேறொரு நடிகையை வைத்து நாடகத்தை மறுபடி தொடங்கினார்கள். விழுகிற காட்சியை எடுத்துவிட்டார்கள். அன்று மேடைக்குப் பின்னால், முகமூடிகளை வரிசையாக வைத்திருந்த மேஜையைத் தூண் பார்த்தான். எல்லா முகமூடிகளின் கண்களும் சட்டைப் பொத்தான் அளவுக்குத் திறந்திருந்தன. கிழவன், கிழவி மட்டுமில்லை. தபால்காரன், திருடன், மணப்பெண், குழந்தை என்று குழுவிடம் இருந்த இருபத்திரண்டையும் பசை அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போய், கத்தி வைத்து அறுத்திருந்தார். யாரும் சொல்லவில்லை. யாரிடமும் கேட்கவில்லை.

"இனிமே யாருக்கும் கண்ணு தெரியலன்னு ஆகக் கூடாதில்ல" என்றார் விசிலம்மாவிடம்.

அன்றைய ஆட்டத்தில் சிரிப்பு வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வரவில்லை. கிழவி கடிகாரத்தைப் பார்க்கிறபோது, முன்வரிசையில் ஓர் அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், "உள்ள ஆளு முழிக்கறது தெரியுது பாருங்க" என்று சொன்னது மேடைவரை கேட்டது. திரைக்கு ஓரமாக நின்றிருந்த பசை அண்ணனுக்கும் கேட்டது. அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார், தெரிந்த விஷயத்தைக் கேட்பவர் போல.

மறுநாள் காலையில் தூண் பட்டறைக்குப் போனான். அண்ணன் தரையில் உட்கார்ந்து காகிதம் கிழித்துக்கொண்டிருந்தார். ஒட்டுவதற்கு இல்லை, சும்மா கிழித்துக்கொண்டிருந்தார். மூலையில் களிமண் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

"அண்ணே, உங்க துளைல ஒரு தப்பும் இல்ல" என்றான். நின்றுகொண்டே, மூச்சுவிடாமல் சொன்னான். "அவ குதிகால் தட்டுறதக் கேட்டுத்தான் நான் பிடிப்பேன். அன்னைக்கும் கேட்டுச்சு. நான்தான் வேணும்னே லேட்டாத் திரும்பினேன். அவ மேல கோவம் எனக்கு. பழிய உங்க மேல போட்டுட்டேன்."

பசை அண்ணன் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் கண் கலங்கியது.

"உக்காருடா" என்றார். "இப்படி யாராவது வந்து சொல்வாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. என்னத் தேத்தறதுக்காக, சொந்த மச்சினிய வேணும்னே விழவிட்டேன்னு தலைமேல பழியத் தூக்கிப் போட்டுக்கற பாரு. உனக்கு எவ்வளவு நல்ல மனசு!"

"அண்ணே, நெசமாத்தான் சொல்றேன்."

"சரி சரி. டீ குடி."

எத்தனை தடவை சொன்னாலும் அவர் காதில் அது வேறு மாதிரியாகத்தான் விழுந்தது. ஒன்பது வருடமாகப் பார்த்த மனிதனா வேண்டுமென்றே கையை விடுவான்? டீயைக் குடிக்க வைத்துத்தான் அனுப்பினார். அதோடு நிற்கவில்லை. அன்று மாலை ஒத்திகையில் விசிலம்மா அவனைத் தனியே அழைத்து, "அண்ணன் சொன்னாரு. நீ பெரிய மனுஷன்டா" என்று முதுகில் தட்டிக்கொடுத்தாள். மற்றவர்கள் அவனைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை கூடியிருந்தது. உண்மையைச் சொல்லப் போனவன், பொய்யைவிடப் பெரிய ஒரு மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு நின்றான்.

ஒத்திகை முடியும்வரை காத்திருக்கவில்லை. இறங்கி நேராக வீட்டுக்கு நடந்தான். தக்கை முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்து, மாவுக்கட்டுக்கு வெளியே நீண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்ன பயிற்சி. அவள் அக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது. தூண் செருப்பைக் கழற்றாமலே வாசற்படியில் நின்றான். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்.

"தட்டு கேட்டுச்சா, அத்தான்?"

"கேட்டுச்சு."

"ரெண்டாவதும்?"

"ரெண்டாவதும்."

அவள் விரல்களை மடக்குவதை நிறுத்தினாள். சமையலறையில் கத்திச் சத்தமும் நின்றிருந்தது.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "ஆஸ்பத்திரில கண்ணு தெரியலன்னு நீங்க சொன்னதா அக்கா வந்து சொன்னப்பவே. உங்களுக்குத்தான் கண்ணே தேவையில்லையே. ஒருவேளை சிரிப்புச் சத்தத்துல கேட்டிருக்காதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அஞ்சு வாரமா தெனமும் சொல்லிக்கிட்டேன்."

"ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டா நீங்க பதில் சொல்லிடுவீங்களே."

அவன் வியாழக்கிழமை டீயைப் பற்றிச் சொன்னான். செவுரு என்று சிரித்ததைச் சொன்னான். சொல்லச் சொல்லவே அது எவ்வளவு சின்ன விஷயம் என்று அவனுக்குக் கேவலமாக இருந்தது. தெருச் சண்டைக்குக்கூட இதைவிடப் பெரிய காரணம் இருக்கும்.

"எவ்வளவு நேரம் லேட்டாக்கினீங்க?" என்று கேட்டாள். நாடகக்காரியின் கேள்வி அது.

"அரை மூச்சு."

"அரை மூச்சு" என்று திருப்பிச் சொன்னாள், அளந்து பார்ப்பவள் போல. "நான் சிரிச்சது தப்புதான். அதுக்கு நீங்க என்னை ஒரு அறை விட்டிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நான் கண்ண மூடிக்கிட்டுத்தான் விழுவேன், தெரியுமா? ஒரு நாளும் கண்ணத் தொறந்து விழுந்ததில்ல."

அவன் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள். கையில் வெங்காயத்தோல் ஒட்டியிருந்தது. கண்ணில் நீர் நின்றிருந்தது. வெங்காயத்துக்கா இதற்கா என்று சொல்ல முடியாது. தங்கையிடம், "செருப்பப் போடு. அந்த அண்ணன்கிட்டப் போய் நாம சொல்லிட்டு வந்துடலாம். மனுஷன் சோறு தண்ணி இல்லாம கெடக்கறாராம்" என்றாள். அவனைப் பார்க்காமலே, "நீங்களும் வாங்க" என்று சேர்த்துக்கொண்டாள்.

பஸ்ஸில் அக்காவும் தங்கையும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பட்டறையில் தக்கை நேராக விஷயத்துக்கு வந்தாள். கட்டுப்போடாத கையால் அண்ணனின் மேஜையில் தட்டிக் காட்டினாள்: ஒன்று, இரண்டு. "இதக் கேட்டுத்தான் இவர் திரும்புவாரு. துளைய மண்ணு வச்சு அடைச்சாலும் பிடிச்சிடுவாரு. காலைல இவர் உங்ககிட்டச் சொன்னது அத்தனையும் நெசம். எனக்கும் தெரியும்ணே. அக்கா வாழ்க்கைன்னு பாத்து வாய மூடிக்கிட்டேன். உங்கள நெனைக்கல. என்னையும் மன்னிக்கணும்."

அவள் சொன்னால் நம்பாமல் இருக்க முடியாது. பசை அண்ணன் கையில் இருந்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப என் துளை சரியாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"சரியா இருந்துச்சுண்ணே" என்றான் தூண்.

அவர் எழுந்து பலகையிலிருந்து மணப்பெண் முகமூடியை எடுத்தார். ஆறு வருடத்துக்கு முன் செய்தது. அதற்குப் பிறகு அவராலேயே அப்படி ஒன்று செய்ய முடியவில்லை என்று சொல்வார். பெரிதாக வெட்டப்பட்ட கண்கள் வழியாக அவருடைய உள்ளங்கை தெரிந்தது.

"இருபத்திரண்டு பேரு" என்றார். "என் கையால கண்ணத் தோண்டினேன். ஒவ்வொண்ணா. மாப்பு கேட்டுக்கிட்டே தோண்டினேன்டா." குரல் ஏறியது. "நீ நடைபாதைல உக்காந்து தரையப் பாத்துக்கிட்டிருந்தியே, அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா... வெளிய போ. உன்னைப் பாக்கப் பாக்க எனக்கு என்ன செய்வேன்னு தெரியாது. போ."

தூண் வெளியே வந்து, சைக்கிள் கடை வாசலில் நின்றான். காற்றடிக்க வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். உள்ளேயிருந்து முதலில் அண்ணன் அழுவது கேட்டது, பிறகு மனைவியின் குரல், பிறகு தக்கையின் குரல். மேஜையடியில் அவளைப் பிடிக்காமல் விட்டதா, நடைபாதையில் அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதா, எது பெரிய குற்றம் என்று அவனுக்குப் புரியவில்லை. முதலாவது அரை மூச்சுக் கோபம். இரண்டாவதை அவன் நிதானமாக, ஐந்து வாரம் செய்திருந்தான்.

விசிலம்மா விஷயம் தெரிந்ததும் கத்தவில்லை. "இனிமே நீ யாரையும் பிடிக்க வேணாம்" என்றாள். "செவுருன்னு சொன்னது நான்தான். அந்த நாக்க நான் தனியாப் பாத்துக்கறேன். ஆனா இது வேற." வேன் ஏற்றுவது, விளக்குக் கட்டுவது, மேஜை நாற்காலி தூக்குவது என்று வேலை கொடுத்தாள். குழுவை விட்டே போய்விடலாம் என்று அவன் நினைத்தான். மனைவிதான், "ஓடிப்போனீங்கன்னா எல்லாரும் மறந்துடுவாங்க. மறக்கக் கூடாது. அங்கயே இருங்க" என்றாள். சமைத்தாள், துவைத்தாள், வேலைக்குப் போய் வந்தாள். ஆனால் சூடான பாத்திரம் எதையும் அவன் கையில் கொடுக்க மாட்டாள். மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். அப்படியே ஏழெட்டு மாதம் போயிற்று.

பசை அண்ணன் காகிதத்தை ஊறவைத்து அரைத்து, ஒவ்வொரு கண்ணையும் மூடி, காய வைத்து, மறுபடி துளையிட்டார். பதினாலு முகமூடிகள் பிழைத்தன. எட்டு பிழைக்கவில்லை, மணப்பெண் அதில் ஒன்று. தூணிடம் அவர் நேராகப் பேசுவதில்லை. "அந்தப் பெட்டிய மேல வைக்கச் சொல்லு" என்று பக்கத்தில் யாரிடமாவது சொல்வார். பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் பெட்டியைப் பார்த்துச் சொல்வார்.

தக்கையின் மணிக்கட்டு ஒட்டியது. ஆனால் எடையைத் தாங்காது. கையை ஊன்றித் தலைகீழாக நிற்பது, மேஜையிலிருந்து குட்டிக்கரணம் போட்டு இறங்குவது எல்லாம் போயிற்று. அந்தப் பெரிய அரங்கத்துத் தனி நாடகத்தை அவள் ஒரு வருடம் தள்ளிப்போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடித்தாள். நன்றாகத்தான் வந்தது என்றார்கள். தூண் விளக்குப் பலகைக்குப் பின்னால் இருந்து பார்த்தான். அவள் அவனோடு பேசுவாள். விளக்கக் கூட்டுங்க, கொறைங்க, தண்ணி கொண்டுவாங்க என்று எல்லாம் பேசுவாள். அத்தான் என்று மட்டும் கூப்பிடுவதில்லை. எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை; பேச்சைத் தொடங்கிவிடுவாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமைப் பயிற்சி வகுப்பை இப்போது அவள்தான் நடத்துகிறாள். ஒரு நாள் காலையில் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். தபால் அலுவலகத்தில் பட்டுவாடா வேலை. நாற்பது வயதிருக்கும். தெருத்தெருவாக நடந்து நடந்து கம்பிபோல இருந்தாள். நாற்காலியில் காத்திருக்கிற பயிற்சி, கண்ணுக்குப் பதில் முகமூடியின் மூக்கைத் திருப்பிப் பார்க்கிற பயிற்சி எல்லாம் முடிந்ததும் அவள் கேட்டாள்:

"நீங்க மேஜையிலேருந்து பின்னால விழுவீங்களாமே? ஒரு காலத்துல பாத்தவங்க சொன்னாங்க. அத எனக்குச் சொல்லித் தர முடியுமா?"

கீழே அப்போது ரம்பம் ஓடவில்லை; கேள்வி எல்லோருக்கும் கேட்டது. தக்கை ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு விளக்குக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்த தூணைப் பார்த்து, "வந்து நில்லுங்க" என்றாள்.

அவன் வந்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். மேஜைக்குப் பின்னால் போய் நிற்பதற்கு முன், அந்தத் தபால்காரப் பெண்ணின் எதிரே நின்றான்.

"ஒண்ணு சொல்லணும், கேட்டுட்டு முடிவு பண்ணுங்க" என்றான். "இவங்க கை ஒடஞ்சது என்னாலதான். கால் வழுக்கல, கை நழுவல. இவங்க மேல கோவத்துல வேணும்னே லேட்டாப் பிடிச்சேன். அப்புறம் அத இன்னொருத்தர் மேல போட்டேன். இது தெரிஞ்சு வேணாம்னு சொன்னீங்கன்னா தப்பே இல்ல."

அந்தப் பெண் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தக்கையைப் பார்த்தாள். தக்கை ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"இப்ப என் மேல உங்களுக்குக் கோவம் ஏதும் இல்லையே?" என்று கேட்டாள் தபால்காரப் பெண்.

"இல்லீங்க. இப்பத்தானே பாக்கறேன்."

"வந்தா முன்னாடியே சொல்லிடுவீங்களா?"

"சொல்லிடுவேன்."

"அப்ப சரி" என்றாள். "மெத்தை ஏதாவது இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டு போடுங்க."

"மூணு போடுங்க" என்றாள் தக்கை.

அவன் மெத்தைகளை எடுத்து வர உள்ளே போனான்.